மதிப்பெண்ணுக்கு ஒரு வாக்குமூலம்

அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு சேர்கிற மாணவர், பொறியியல் படிக்க வந்தாலும் உயிரியல் படிக்க வந்தாலும், பெரும்பாலும் ஒரு பருவமாவது எழுத்துப் பாடம் படித்தாக வேண்டும். அதில் முதல் கட்டுரையை எழுதி, திருத்தி, ஒப்படைத்த கையோடு பல வகுப்புகளில் இன்னொரு வேலையும் வந்து சேரும். இந்தக் கட்டுரையை எப்படி எழுதினாய், எழுதியதில் என்ன கற்றுக்கொண்டாய் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்பார்கள். கட்டுரையைப் பற்றி ஒரு கட்டுரை. அதற்கும் மதிப்பெண் உண்டு.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது. தன் எழுத்தைத் தானே திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லாமல் யாரும் எழுத்தாளரானதில்லை. பதினெட்டு வயதிலேயே அதைத் தொடங்கிவைப்பதில் என்ன குறை இருக்க முடியும்? ஆனால் நோக்கம் நல்லது என்பதால் அதிலிருந்து விளைவதும் நல்லது என்று ஆகிவிடாது. விளைவது என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரியை நானே எழுதிக் காட்டுகிறேன். இந்த வகையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 'இந்த வகுப்புக்கு வரும்வரை கட்டுரை என்றால் ஐந்து பத்தி என்றே நினைத்திருந்தேன். முதல் வரைவைக் கடைசி இரவில் எழுதினேன். ஆசிரியரின் குறிப்புகளைப் பார்த்ததும் மனம் சோர்ந்துபோனது. ஆனால் உட்கார்ந்து திருத்தியபோதுதான் எழுத்து என்பது முடிவில்லாத பயணம் என்று புரிந்தது. இன்னும் வளர வேண்டும். ஆனாலும் இப்போது தன்னம்பிக்கை வந்திருக்கிறது.'

இதை ஒரு சோதனைக்கு உட்படுத்தலாம். அந்த மாணவரின் கட்டுரை எதைப் பற்றியது? தெரியவில்லை. துப்பாக்கிச் சட்டமா, கல்லூரிக் கட்டணமா, தாத்தாவின் மரணமா? ஒரு சொல்லும் இல்லை. எந்த வரி மாறியது, மாறியதால் எது கெட்டது? அதுவும் இல்லை. அசல் கட்டுரையைக் கண்ணால் பார்க்காதவர்கூட இந்த இரண்டு பக்கத்தை எழுதிவிடலாம். அறியாமை, அதிர்ச்சி, திருந்துதல், நன்றி என்று படிப்படியாக ஏறுகிற மனமாற்றக் கதை இது. பள்ளியில் எழுதிய ஐந்து பத்திக் கட்டுரையைப் பழிப்பதாகத் தொடங்கி, அதைவிட இறுக்கமான ஓர் அச்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த அச்சை மாணவர்களின் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. அவர்களிடம் கேட்கப்படுவது அதுதான். எப்படிக் கேட்கப்பட்டது என்பதை அறிய வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1874-இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரையைச் சேர்த்தது. தலைப்புகள் ஷேக்ஸ்பியர், ஸ்காட் போன்றவர்களின் நூல்களிலிருந்து வந்தன. எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, இலக்கணம் எல்லாம் பார்க்கப்பட்டன. வந்த தாள்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1885-இல் 'இங்கிலிஷ் ஏ' என்ற பாடம் முதலாண்டு மாணவர் எல்லாருக்கும் கட்டாயமானது. மற்றக் கல்லூரிகளும் அதைப் பின்பற்றின. 1890-களில் ஹார்வர்டின் மேற்பார்வைக் குழு ஒன்று இந்த எழுத்துப் பிரச்சினையை ஆராய்ந்து அறிக்கைகள் வெளியிட்டது. அதற்காக அந்த வகுப்பு மாணவர்களிடம், பள்ளியில் உங்களுக்கு எழுத்து எப்படிக் கற்றுத்தரப்பட்டது என்று எழுதச் சொல்லி வாங்கினார்கள். தன் எழுத்துக் கல்வியைத் தானே திரும்பிப் பார்த்து எழுதுகிற வேலை அன்றைக்கே வந்துவிட்டது. குழு அந்தத் தாள்களை எதற்காகப் படித்தது? பிள்ளைகள் சொன்னதைத் தெரிந்துகொள்ளத்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை. எவ்வளவு மோசமாக எழுதுகிறார்கள் பாருங்கள், பள்ளிகள் செய்த வேலையைப் பாருங்கள் என்று காட்டவும் மாணவர் தாள்கள் பயன்பட்டன. கையெழுத்து அப்படியே தெரியும்படி சில தாள்களைப் படியெடுத்து அறிக்கையிலும் போட்டார்கள். மனம்விட்டுச் சொல் என்று கேட்டு வாங்கிய எழுத்து, எழுதியவர் மீதான குற்றப்பத்திரிகையோடு கோக்கப்பட்டது. இந்த வகையின் பிறவிக் கோளாறு என்று நான் கருதுவது இதைத்தான்: சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு தராசு இருக்கிறது.

அடுத்த பெரிய திருப்பம் 1970-களில் வந்தது. எழுதி முடித்த தாளைத் திருத்துவதைவிட, எழுதுகிற வழியைக் கவனிப்பதே ஆசிரியரின் வேலை என்ற எண்ணம் பரவியது. ஜேனட் எமிக், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதைக் கவனித்து 1971-இல் நூலாக்கினார். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் பள்ளி முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்தது. மீனா ஷாக்னஸி அங்கே சேர வந்தவர்களின் ஆயிரக்கணக்கான தாள்களைப் படித்து, பிழைகளுக்கும் ஒரு தர்க்கம் இருக்கிறது என்று 1977-இல் எழுதினார். அதுவரை சிவப்பு மையால் சுழிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டவர்களை, யோசிக்கிற மனிதர்களாகப் பார்த்த நூல் அது. 1980-களில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் எல்போவும் பாட் பெலனாஃபும், பருவ இறுதியில் ஒரே தேர்வு வைப்பதற்குப் பதிலாக மாணவரின் கட்டுரைகளைக் கோப்பாக வாங்கி மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். கட்டுரை எப்படி உருவானது என்ற குறிப்பும் கோப்பில் சேர்ந்தது. பிறகு கேத்லீன் பிளேக் யான்சி 1998-இல் எழுதிய நூல், திரும்பிப் பார்ப்பதை வகுப்பறையின் மையத்துக்கே கொண்டுவந்தது. இவர்களில் யாரும் மனமாற்றக் கதையைக் கேட்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். யான்சி, எழுதும்போதே தன் போக்கைக் கவனிப்பதையும், பல கட்டுரைகளுக்குப் பின் தன்னை எழுத்தாளராக அடையாளம் காண்பதையும், முடிவில் வெளியாளுக்கு விளக்குவதையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். நடைமுறையில் மிஞ்சியது பெரும்பாலும் மூன்றாவது மட்டும்தான். காரணம் எளிது. மதிப்பெண் போட வசதியானது அதுதான்.

இனி வழக்கின் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். டேவிட் பார்த்தலோமே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். புதிதாக வந்த மாணவர்களை எந்த வகுப்பில் வைப்பது என்று தீர்மானிக்க எழுதவைத்த கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தார். நீ படைப்பாற்றலோடு ஏதாவது செய்த ஒரு தருணத்தை விவரி, அதிலிருந்து படைப்பாற்றலைப் பற்றிப் பொதுவாக ஏதாவது சொல் என்பது தலைப்பு. ஒரு மாணவர், பள்ளிக்காகத் தான் களிமண்ணில் செய்த பூமியின் மாதிரியைப் பற்றி எழுதியிருந்தார். கதை சொல்கிறவரை சுமாராகப் போகிறது. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் குரலே மாறிவிடுகிறது. உடற்கூறு வகுப்பில் கேட்டது போன்ற கனமான சொற்களை அடுக்கி, மேடையில் நிற்கிற அறிஞர் மாதிரி பேசத் தொடங்குகிறார். பார்த்தலோமே இதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 1985-இல் வெளியான அவருடைய கட்டுரையின் வாதம் இதுதான்: கல்லூரிக்குள் வருகிற ஒவ்வொரு மாணவரும், தனக்கு இன்னும் தெரியாத ஒரு மொழியில், தெரிந்தவர்போலப் பேசியாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். அவருக்கு முன்னால் இருக்கிற வழி பாவனை ஒன்றுதான். பாவனை செய்து செய்துதான் உள்ளே வர முடியும்.

இதை நான் ஒரு படி தள்ளிக்கொண்டு போகிறேன். முதல் கட்டுரையில் மாணவர் அறிஞரைப் பாவனை செய்கிறார் என்றால், அதைத் திரும்பிப் பார்க்கும் கட்டுரையில் வளர்ந்துவிட்ட மாணவரைப் பாவனை செய்கிறார். முதலாவது பாவனையில் பயன் இருக்கிறது. அந்த மொழி நாளடைவில் அவருடையதாகலாம். இரண்டாவதில் என்ன கிடைக்கிறது? 'பயணம்', 'தன்னம்பிக்கை', 'என் குரல்' என்ற சொற்கள் பாடத்திட்டத்திலும் மதிப்பீட்டு அட்டவணையிலும் ஆசிரியரின் வாயிலும் ஏற்கெனவே இருப்பவை. எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கிறார்கள். கென்டக்கி மாநிலத்தில் 1990-களில் பள்ளி மாணவர்கள் எழுத்துக் கோப்பு ஒப்படைக்க வேண்டியிருந்தது; மதிப்பிடுபவருக்கு ஒரு கடிதமும் அதில் இருக்க வேண்டும். அத்தகைய கடிதங்களை ஆராய்ந்து டோனி ஸ்காட் 2005-இல் எழுதினார். அதிகாரிகள் மாணவரிடம் எதைக் காண விரும்பினார்களோ அதையே மாணவர்கள் தங்கள் அனுபவமாக எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் அதன் சாரம். இதில் மோசடி எதுவும் இல்லை. தேர்வறையில் உட்கார்ந்திருக்கும் யாரும் செய்யக்கூடியது. பத்து மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 'உண்மையைச் சொல்' என்றால் வருவது இப்படித்தான் இருக்கும்.

அப்படியென்றால் மாணவர் தன் எழுத்தைப் பற்றிச் சொல்வது எதையும் நம்பக் கூடாதா? அந்த முடிவுக்கு விரைந்து போக முடியாதபடி ஓர் ஆய்வு குறுக்கே நிற்கிறது. நான்சி சோமர்ஸ் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டு மாணவர்கள் இருபது பேரையும் அனுபவப்பட்ட எழுத்தாளர்கள் இருபது பேரையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை திருத்தி எழுதினார்கள். பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேசினார். மாணவர்கள், திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது, ஒரே சொல் திரும்ப வந்தால் வேறு சொல் போடுவது என்றார்கள். அனுபவப்பட்டவர்கள், என் வாதத்துக்கு என்ன வடிவம் என்று தேடுவதுதான் திருத்தம் என்றார்கள். கையில் இருந்த வரைவுகளும் இதையே காட்டின.

இங்கே மாணவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னது நம்பத்தக்கதாக இருக்கிறது. 'எழுத்து ஒரு பயணம்' என்ற பேச்சுக்கு இங்கே தேவையே எழவில்லை. சொல்லை மாற்றினேன், அவ்வளவுதான் என்று பச்சையாகச் சொல்ல முடிந்திருக்கிறது. வேறுபாடு எங்கே வந்தது? கேட்டவர் ஆய்வாளர், பேசியது தேர்ச்சிக்காக இல்லை. பேசும்போது வரைவுகளும் இருந்தன. இந்த இரண்டு நிபந்தனைகளும்தான் என் தீர்ப்பின் அடித்தளம்.

அவை இருந்தால் என்ன எழுதப்படலாம் என்பதற்கு இன்னொரு மாதிரி. இதுவும் நான் கட்டியதுதான். ஒரு மாணவி தன் ஊரில் ஒரு பேருந்து நிறுத்தப்பட்டதைப் பற்றி எழுதியிருக்கிறாள். முதல் வரைவின் முதல் வரி: 'பொதுப் போக்குவரத்து சமுதாயத்தின் முதுகெலும்பு.' இரண்டாம் வரைவின் முதல் வரி: 'பேருந்து நின்ற பிறகு என் அம்மா வேலைக்குப் போக இரண்டு மைல் நடக்கிறார்.' அவளுடைய குறிப்பு இப்படிப் போகிறது: 'முதல் வரிக்குப் பக்கத்தில் ஆசிரியர் "யாருக்கு?" என்று கேட்டிருந்தார். அம்மா மூன்றாம் பத்தியில் ஒரு வரியில் இருந்தார், மேலே கொண்டுவந்தேன். வந்ததும் நகராட்சியின் வரவு செலவைப் பற்றிய நான்காம் பத்தி ஒட்டாமல் போய்விட்டது. எடுத்துவிட வேண்டும் என்று தெரியும். எடுத்தால் பக்கம் குறையும் என்பதால் விட்டுவிட்டேன்.'

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். மதிப்பெண் கேட்கும் தாளில் எந்தப் புத்திசாலி மாணவியும் அவற்றை எழுதமாட்டாள். ஆனால் ஆசிரியருக்கு உதவுவது அவைதான். பத்தி ஒட்டவில்லை என்று அவளுக்குத் தெரிகிறது, அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கக் கணக்கு அவள் கையைக் கட்டியிருக்கிறது. கோளாறு கேள்வித்தாளில் இருக்கிறது. மனமாற்றக் கதையில் இப்படி ஒரு தகவல் வருவதற்கு இடமே இல்லை. அதில் குற்றவாளி எப்போதும் பழைய மாணவர்தான்.

கேட்ட கேள்வியின் மீதே விளக்கைத் திருப்பிய ஒரு படைப்பு அமெரிக்க இலக்கியத்தில் புகழ்பெற்றது. லாங்ஸ்டன் ஹியூஸ் 1951-இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள 'தீம் ஃபார் இங்கிலிஷ் பி' என்ற கவிதை முழுவதும் ஒரு கல்லூரி வீட்டுப்பாடத்தைப் பற்றியது. வகுப்பிலேயே ஒரே ஒரு கறுப்பின மாணவன். உன்னிடமிருந்து வருவதை எழுது, அது உண்மையாக இருக்கும் என்கிறார் வெள்ளை ஆசிரியர். அது அவ்வளவு எளிதா என்று மாணவன் யோசிக்கத் தொடங்குகிறான். எழுதுகிறவன் யார், வாங்கிப் படிக்கிறவர் யார், அந்தத் தாள் எந்த நிறமாக இருக்கும் என்று போகிறது. கல்லூரிக் கட்டுரையைப் பற்றிய கட்டுரையில் இதைவிடக் கூரியது எனக்குத் தெரியாது. அந்த மாணவன் தான் எவ்வளவு வளர்ந்தேன் என்று கணக்குக் காட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எதிர்த்தரப்புக்கும் வலு உண்டு. ஹார்வர்டில் 1997-இல் சேர்ந்த மாணவர்களில் நானூறு பேருக்கும் மேற்பட்டோரைக் கல்லூரிக்காலம் முழுவதும் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. சோமர்ஸும் லாரா சால்ட்ஸும் 2004-இல் எழுதிய கட்டுரை அதன் முதலாண்டைப் பேசுகிறது. தான் கற்றுக்குட்டி என்று ஒப்புக்கொண்டவர்களும், எழுத்தை மதிப்பெண்ணுக்கான வேலையாக மட்டும் பார்க்காதவர்களும்தான் முன்னேறினார்கள் என்கிறார்கள். அப்படியானால் அந்த ஒப்புதலை எழுதவைப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். யான்சியும் லியேன் ராபர்ட்சனும் காரா டாசாக்கும் 2014-இல் எழுதிய நூல் இன்னும் நேரடியாகப் பேசுகிறது: ஒரு வகுப்பில் கற்ற எழுத்தை அடுத்த வகுப்புக்கு எடுத்துச் செல்ல, பாடத்தோடு திட்டமிட்டு இணைத்த திரும்பிப் பார்த்தல் உதவுகிறது.

இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் முதலாவது, கற்றுக்குட்டி மனநிலை உதவியது என்கிறது. 'நான் கற்றுக்குட்டி' என்று எழுதிக் கொடுத்தது உதவியது என்று சொல்லவில்லை. இரண்டாவது, பருவம் முழுக்க இழையோடிய ஒரு பாடத்திட்டத்தைப் பேசுகிறது. முதல் கட்டுரை முடிந்த வாரத்தில் ஒட்டுப்போட்டது மாதிரி வாங்குகிற இரண்டு பக்கத்துக்கு அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது. அதுவும் முதல் கட்டுரைக்கு! ஒன்றை மட்டும் எழுதியவரிடம் எதோடு எதை ஒப்பிடச் சொல்வது? வளர்ச்சியைக் காட்ட இரண்டு புள்ளியாவது வேண்டும்.

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபிறகு புதிய வாதம் ஒன்றும் கிளம்பியிருக்கிறது. கட்டுரையை எந்திரம் எழுதிவிடலாம். எழுதிய அனுபவத்தை மாணவர்தானே எழுத வேண்டும் என்கிறார்கள். நான் மேலே எழுதிக் காட்டிய முதல் மாதிரியை மறுபடி பாருங்கள். எந்திரத்துக்கு அதைவிடச் சுலபமான வேலை உண்டா? சொல்லப்போனால் அந்த வகையை மனிதர்கள் பல காலமாக எந்திரம் போலத்தான் எழுதிவந்தார்கள். பேருந்துக் குறிப்பை இட்டுக்கட்டுவதற்கும் எந்திரத்தால் முடியும். ஆனால் அங்கே வரைவுகளை எடுத்துவைத்துச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை அப்படியே கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கல்லூரியில் மொழிப்பாடக் கட்டுரை பெரும்பாலும் தேர்வுத்தாளில் எழுதப்படுகிறது. முன்னுரை, துணைத்தலைப்புகள், முடிவுரை என்ற பள்ளிச் சட்டகம் கூடவே வருகிறது. பல்கலைக்கழகத் தேர்வின் விடைத்தாள் மாணவர் கைக்குத் தானாகத் திரும்பி வருவதில்லை. நகல் வேண்டுமென்றால் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். திருத்தப்பட்ட தாளையே பார்க்காதவரிடம் எதைத் திரும்பிப் பார்க்கச் சொல்வது? முதலில் தாளைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

என் தீர்ப்பு இது. முதல் கட்டுரையைப் பற்றிய கட்டுரை, இன்று பரவலாகக் கேட்கப்படும் வடிவில், மாணவர் கற்றார் என்பதற்குச் சான்று ஆகாது. அதற்கு மதிப்பெண் போடுவது பணிவுக்கு மதிப்பெண் போடுவதுதான். கோப்பில் அதை முகப்பாக வைத்து, அதன் வெளிச்சத்தில் மற்றக் கட்டுரைகளை அளப்பது இன்னும் கேடு. நல்ல வாக்குமூலம் சுமாரான கட்டுரையைத் தூக்கிவிடும்; வாய் சாமர்த்தியம் இல்லாத மாணவரின் நல்ல கட்டுரை கீழே போகும். ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாதவர்கள்தான் இதில் முதலில் அடிபடுவார்கள் என்று சந்தேகிக்கிறேன். காப்பாற்றத்தக்கது ஒரு சிறிய வடிவம் மட்டும்: இரண்டு வரைவுகளும் இணைக்கப்பட்ட, ஒரு பக்கத்தைத் தாண்டாத, மாறிய ஓரிடத்தையும் மாற்றாமல் விட்ட ஓரிடத்தையும் சுட்டிச் சொல்கிற குறிப்பு. கட்டுரைக்கு மதிப்பெண் வருவதற்கு முன்பே அதை வாங்க வேண்டும். அதற்கென்று மதிப்பெண் இருக்கக் கூடாது.

இதற்கு ஆகும் செலவை மறைக்க விரும்பவில்லை. வரைவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிக்காத ஆசிரியரிடம் இந்தக் குறிப்பும் வெற்றுத்தாள்தான். எழுத்துப் பாட ஆசிரியர்களின் அமெரிக்க அமைப்பு ஒரு வகுப்பில் இருபது பேருக்கு மேல் வேண்டாம், பதினைந்து பேர் இருந்தால் நல்லது என்று பரிந்துரைக்கிறது. எத்தனையோ கல்லூரிகளில் தற்காலிக ஊழியத்தில் நான்கைந்து வகுப்பு எடுக்கிறவருக்கு அந்த எண்ணிக்கை கனவு. 'இங்கிலிஷ் ஜர்னல்' இதழ் 1912-இல் தொடங்கியபோது அதன் முதல் கட்டுரையை எழுதியவர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹாப்கின்ஸ். இப்போதுள்ள நிலைமையில் கட்டுரை எழுதுவதை நன்றாகக் கற்பிக்க முடியுமா என்று தலைப்பிலேயே கேட்டு, முடியாது என்று உடனே பதில் சொன்னார். ஒருவர் திருத்த வேண்டிய தாள்களின் எண்ணிக்கையே அவருடைய காரணம். அந்தக் காரணம் இன்னும் தீரவில்லை. ஆகவே வரைவுகளை ஒப்பிட்டுப் படிக்க நேரமில்லாத ஆசிரியர் இந்தக் குறிப்பைக் கேட்கவே வேண்டாம். அந்த இரண்டு பக்கத்துக்கான வாரத்தை மாணவர் இன்னொரு வரைவுக்கு எடுத்துக்கொள்ளட்டும்.